அப்பாவின் சாவியைப் பிடுங்காதீர்கள்!

("முதுமையில் மோட்டார்சைக்கிள்: இன்பமா, வம்பா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், 'இன்பமே' என்ற அணியின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எதிரணியினர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். "எழுபது வயதுக்கு மேல் மோட்டார் எதற்கு? மகனிடம் கார் இருக்கிறது. கைப்பேசியைத் தட்டினால் கிராப் வாசலுக்கே வருகிறது. பேசாமல் வீட்டில் இருக்க வேண்டியதுதானே?" என்றார்கள். நல்ல கேள்விதான். அதற்கான பதில் தைப்பிங்கில் இருக்கிறது.

தைப்பிங்கில் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எழுபத்திரண்டு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது தாமான் வீட்டில் இருக்கிறார். காலை ஏழு மணி. வாசலில் ஒரு பழைய கப்சாய். இரவு மழை பெய்திருக்கிறது. தைப்பிங்கில் மழைக்கா பஞ்சம்? ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது. பெரியவர் பழைய துண்டால் சீட்டைத் துடைக்கிறார். ஓர் உதை, இரண்டு உதை. மூன்றாவது உதையில் வண்டி எழுந்துவிடுகிறது. உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: "வரும்போது ஒரு தேங்காய், கொஞ்சம் கறிவேப்பிலை. போன தடவை மாதிரி மறந்துட்டு வந்தா, வீட்டுக்குள்ள விடமாட்டேன்!"

பெரியவர் கிளம்பிவிட்டார். ஏரிப் பூங்கா ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, மழைமரங்களுக்குக் கீழே கொஞ்ச தூரம் நடக்கிறார். ஈயம் தோண்டிய குழிகளை 1880-இல் பூங்காவாக மாற்றிய இடம் அது. அங்கிருந்து கோப்பிக் கடை. பழைய கூட்டாளிகள் நான்கு பேர், ஒரு ரொட்டி சானாய், ஊர் நியாயம் அத்தனையும். பிறகு பாசார், கோயில். ஒன்பதரைக்கெல்லாம் வீடு. தேங்காய் வந்துவிட்டது, கறிவேப்பிலையைக் காணோம்! அது வேறு வழக்கு.

அவர் ஓட்டியது பத்துக் கிலோமீட்டர் இருக்குமா? ஆனால், நடுவர் அவர்களே, அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் யாரிடமும் போய், "தம்பி, அங்கே கொண்டுபோய் விடுறியாப்பா?" என்று கேட்கவில்லை. முதுமையில் மோட்டார் தருகிற முதல் இன்பம் இதுதான்.

பெரிய மோட்டார் இதைத் தராது. சின்ன வண்டிதான் தரும். ஏன்? அது பிறந்த கதையைப் பாருங்கள். 1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற 50 சிசி வண்டியை வெளியிட்டது. உணவுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டுகிற மாதிரி வண்டி இருக்க வேண்டும் என்பது சொய்ச்சிரோ ஹோண்டாவின் நோக்கம். அதனால் இடது கைக்குக் கிளட்ச் கிடையாது. காலால் மிதித்தால் கியர் விழும். நடுவில் தாழ்வாக இருப்பதால், காலைத் தூக்கிச் சுழற்றி ஏற வேண்டியதில்லை. சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்காகச் செய்த வண்டி, மூட்டுவலிக்காரருக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வேட்டி கட்டியவரும் ஏறலாம், கைலி கட்டியவரும் ஏறலாம். எடை நூறு கிலோவுக்குள். சாய்ந்தாலும் தாங்கிப் பிடிக்கலாம். 2017-இல் அந்த வரிசையில் பத்துக் கோடியாவது வண்டி வெளிவந்துவிட்டது.

அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்ற பொருளில் சீனர்கள் சேர்த்த 'சாய்' ஒட்டிக்கொண்டு, 'கப்சாய்' ஆனது என்பார்கள். 1996-இல் மோடெனாஸ் கிரிஸ் என்ற நம் நாட்டுக் கப்சாயும் வந்தது.

தோட்டத்து மக்களுக்கு அந்த வண்டி என்னவாக இருந்தது? லயத்தில் வீடு, தோட்டத்திலேயே கடை, பள்ளி, கோயில். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் சைக்கிள், இல்லையென்றால் செம்மண் சாலையில் நடை. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போய் நிற்பது? அப்படிப்பட்ட இடத்துக்குச் சீட்டுப் பிடித்தும் தவணை கட்டியும் ஒரு ஹோண்டா வந்து சேர்ந்தபோது, அந்தக் குடும்பம் முதல் தடவையாக நினைத்த நேரத்தில் வெளியே போனது. எதிரணியில் பேசிய தம்பிகளில் எத்தனை பேர் அந்த மோட்டாரின் முன்னால் கூடையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி பள்ளிக்கூடம் போனவர்களோ!

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தை விட்டு வந்தவர்கள் கமுந்திங்கிலும் சிம்பாங்கிலும் மற்ற தாமான்களிலும் குடியேறினார்கள். வீடு கல்வீடு. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருந்த கோயில் இப்போது ஐந்து கிலோமீட்டர். பக்கத்து லயத்து நண்பர் இப்போது வேறு தாமான். மகன் கோலாலம்பூரில், மகள் சிங்கப்பூரில். இ.டி.எஸ். ரயிலேறித் தீபாவளிக்கு வருவார்கள். மகனிடம் கார் இருப்பது உண்மைதான். அது தைப்பிங் வாசலில் இல்லையே!

கிராப் இருக்கிறதே என்கிறார்கள். மருத்துவமனைக்குக் கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் ஒரு கோப்பி குடிக்கப் போக, கோப்பியின் விலையைவிட அதிகமாகக் கொடுத்து எந்தப் பெரியவர் கிராப் கூப்பிடுவார்? "வேண்டாம், வீட்டிலேயே குடிச்சிக்கலாம்" என்பார். இன்று கோப்பி நிற்கும். அடுத்த வாரம் கூட்டாளிகள் நிற்பார்கள். அடுத்த மாதம் கோயில் நிற்கும். பிறகு டிவியும் அவரும்தான்.

இன்னோர் இன்பமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோல செபத்தாங் போவது. போர்ட் வெல்ட் என்று பழைய பெயர். 1885-இல் நாட்டின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கிலிருந்து அங்கேதான். அந்தப் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. போகிற வழியில் அம்மா, "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்பார். "இதுக்கு மேல மெதுவாப் போனா, வண்டி சாஞ்சிடும்" என்பார் பெரியவர். காருக்குள் போனால் மாத்தாங் அலையாத்திக் காட்டின் சேற்று வாசம் தெரியுமா? கரிச்சூளைப் புகை தெரியுமா? மோட்டாரில் போகிறவருக்கு எல்லாம் தெரியும். மீன் வாங்கிக்கொண்டு, மழைக்கு முன்னே வீடு வந்து சேர்வார்கள்.

"எல்லாம் சரி, விழுந்தால்?" என்று எதிரணி கேட்கிறது. அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். அதனால்தான் 1973-இல் தலைக்கவசச் சட்டம் வந்தது, 1992-இல் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் சீக்கிரம் கூடாது. கண்புரை இருக்கும், காது மந்தமாக இருக்கும். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும்.

ஆகவே பெரியவருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பகலில் மட்டும் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலைப் பக்கம் போகக் கூடாது. பக்கத்து முச்சந்திக்குத்தானே என்று தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டக் கூடாது. மழை தொடங்கினால் கடை ஓரம் ஒதுங்க வேண்டும். தைப்பிங் மழையோடு யாரும் வீரம் காட்ட முடியாது. ஆண்டுக்கு ஒரு தடவை கண் பரிசோதனை. "இனி வேண்டாம்" என்று கண் மருத்துவர் சொன்னால், அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

ஜப்பானில் 1998 முதல், வயதானவர்கள் ஓட்டுநர் உரிமத்தைத் தாமாகவே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு உண்டு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவாற்றல் சோதனையும் உண்டு. ஆனால் பஸ் இல்லாத கிராமங்களில் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் முடங்குகிறவர்களின் கவலையும் அங்கே இருக்கிறது. சப்பாணி ஆக்கிவிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் என்ன பெருமை?

பிள்ளைகளே, அப்பாவின் மேல் உங்களுக்கு அக்கறை இருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. அடுத்த தடவை ரயிலேறி வரும்போது, சாவியை ஒளித்துவைக்காதீர்கள். டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா பாருங்கள். சிரிம் முத்திரையுள்ள புதுத் தலைக்கவசம் ஒன்று, நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கண் மருத்துவரிடம் கூடப் போய் உட்காருங்கள். அப்பாவின் பின்னால் ஒரு தடவை ஏறி, கோப்பிக் கடை வரைக்கும் போய் வாருங்கள். அவர் ஓட்டுவது எப்படியென்று அப்போது தெரிந்துவிடும். பயமாக இருந்தால், அந்தக் கோப்பிக் கடையிலேயே மெதுவாகப் பேசுங்கள்.

ஒரு நாள் அவரே வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "போதும்பா, இனி நீ வந்து கூட்டிட்டுப் போ" என்பார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும். அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் தயாராக இருங்கள். அதுவரைக்கும் முதுமையில் மோட்டார்சைக்கிள் இன்பமே, இன்பமே என்று கூறி, அமர்கிறது எங்கள் அணி.