ஐ.ரி. படிப்பில் இருப்பதா, மாறுவதா?

(சென்ற மாதம் கிழக்கு லண்டனில் நடந்த எங்கள் மாணவர் சந்திப்பில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சுமொழியைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



இந்தத் தலைப்பு நான் தெரிவு செய்தது இல்லை, நீங்கள் தந்தது. கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து முதலாம், இரண்டாம் வருட மாணவர்கள் நாலு பேர், கூட்டம் முடிஞ்சு கதிரை அடுக்கிற நேரத்தில வந்து என்னட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருக்கினம். "நான் கொம்பியூட்டர் சயன்ஸ் செய்யிறன். பிடிக்கேல்லை. விட்டிட்டு வேற பாடத்துக்கு மாறட்டோ?" நாலு பேரும் குரலைக் குறைச்சுத்தான் கேட்டினம். வாடகை உயர்வைப் பற்றியும் பலஸ்தீனத்தைப் பற்றியும் மைக் பிடிச்சுக் கதைக்கிற ஆக்கள் இதை மட்டும் ஏன் காதுக்குள்ள கேட்கினம் எண்டு யோசிச்சன். இது தங்கட சொந்தப் பிரச்சினை, அரசியல் இல்லை எண்டு நினைக்கினம் போல. எனக்கு அது அப்படித் தெரியேல்லை. அதனாலதான் இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால கதைக்க ஒத்துக்கொண்டனான்.

முதலில என்ர நிலைமையைச் சொல்லிவிடுறன். நான் அதே படிப்பில இருந்து மூண்டு வருசத்தையும் முடிச்சனான். இப்ப சமூகவியலில மாஸ்டர்ஸ் செய்யிறன். என்ர மச்சாள் ஒருத்தி முதலாம் வருச முடிவில மாறினவ, இப்ப பேச்சுச் சிகிச்சை படிக்கிறா. இரண்டு பேருக்கும் சரியாத்தான் வந்தது. ஆனபடியா "இரு" எண்டோ "மாறு" எண்டோ நான் சொல்லப்போறதில்லை. என்னென்ன கேள்வியை எந்த ஒழுங்கில கேட்கவேணும் எண்டுதான் சொல்லப்போறன்.

முதல் கேள்வி: எது பிடிக்கேல்லை?

"கோர்ஸ் பிடிக்கேல்லை" எண்டு சொல்லேக்க அதுக்குள்ள நாலு விசயம் கலந்து கிடக்கும். பாடம், படிப்பிக்கிற விதம், கூடப் படிக்கிற ஆக்கள், பிறகு வரப்போற வேலை. இந்த நாலையும் தனித்தனியாப் பிரிச்சுப் பாருங்கோ.

எனக்குப் பிடிக்காதது மூண்டாவது. பன்னிரண்டு வயசிலயே புரோகிராமிங் தொடங்கின பெடியள் முன் வரிசையில இருந்து, விரிவுரையாளரிட்டக் கேள்வி கேட்கிற மாதிரித் தங்கட கெட்டித்தனத்தைக் காட்டுவினம். முதல் தவணை முழுக்க எனக்கு இது ஏலாது எண்டுதான் நினைச்சன். ஆனால் டேட்டாபேஸ் பாடம் வந்த பிறகு நிலைமை மாறிச்சு. ஒரு மனிசரை ஒரு வரிசைக்குள்ள எப்படி அடக்கிறது, எந்தக் கட்டத்தை வெறுமையா விடலாம், எதை விடேலாது எண்டு தீர்மானிக்கிறதுதான் அந்தப் பாடம். எங்கட வீட்டில அப்பான்ர பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராப் போய், அம்மாவுக்கும் எனக்கும் வேற வேற குடும்பப் பெயர் வந்து, ஒவ்வொரு விமான நிலையத்திலயும் விளக்கம் சொல்லவேண்டி வந்ததுக்குக் காரணம் இப்படி ஒரு படிவத்தில இருந்த இரண்டு கட்டங்கள்தான் எண்டு அப்பத்தான் விளங்கிச்சு. அதுக்குப் பிறகு பாடத்தை வெறுக்க முடியேல்லை.

மச்சாளுக்குப் பிடிக்காதது பாடமேதான். அவ அதைக் கண்டுபிடிச்ச விதத்தை உங்களுக்கும் சொல்லுறன். குழுவாச் செய்யிற புரொஜெக்டில, அந்த அப்பைப் பாவிக்கப்போற ஆக்களைச் சந்திச்சுக் கதைக்கிற வேலையை ஒவ்வொரு முறையும் தானாக் கேட்டு எடுத்தா. கோட் எழுதிற பங்கை ஒவ்வொரு முறையும் ஆருக்காவது தள்ளினா. ஒரு வருசம் முழுக்க அப்படித்தான் நடந்தது. பிழை வந்த கோட்டோட இராத்திரி பதினொரு மணிக்கு இருக்கேக்க, கோபத்துக்குள்ள "ஏன் இப்படி வருது?" எண்ட ஒரு சின்ன அரிப்பாவது இருக்கோ? அவவுக்கு அது ஒருநாளும் இருக்கேல்லை. சோதினைப் புள்ளி நல்லாத்தான் வந்தது. புள்ளியை மட்டும் பார்த்திருந்தா அவ இண்டைக்கும் அங்கதான் இருந்திருப்பா.

இரண்டாவது கேள்வி: காசும் திகதியும்.

இதில கொஞ்ச நேரம் நிக்கப்போறன். ஏனெண்டா இதை யாரும் நேரத்துக்குச் சொல்லுறதில்லை. இங்கிலாந்தில கடன் எடுத்துப் படிக்கிற ஆக்களுக்கான கணக்கு இது. ஸ்கொட்லாந்தில வேற முறை.

கட்டணக் கடனுக்கு ஒரு சூத்திரம் இருக்கு. புதிய படிப்பின் நீளம், கூட்டல் ஒரு வருடம், கழித்தல் ஏற்கெனவே படித்த வருடங்கள். ஒரு வருசம் படிச்சிட்டு மூண்டு வருசப் படிப்புக்கு மாறினா, மூண்டும் ஒண்டும் நாலு, ஒண்டு போக மூண்டு. முழுக் கடனும் கிடைக்கும். இரண்டு வருசம் படிச்சிட்டு மாறினா இரண்டுதான் மிஞ்சும். ஒரு வருசக் கட்டணம், 2025-26 கணக்கில 9,535 பவுண், உங்கட கையால கட்டவேணும். பாதி வருசத்தில விட்டாலும் அது ஒரு முழு வருசமாத்தான் எண்ணப்படும். கடும் நோய், குடும்பத்தில சாவு மாதிரிக் காரணத்தால படிப்புக் குழம்பினா, அதுக்கு ஆதாரம் குடுத்து மேலதிக வருடம் கேட்கலாம். மனநிலை சரியில்லாமல் போனதும் இதுக்குள்ள வரும். டொக்டரிட்டக் கடிதம் எடுத்து வையுங்கோ.

2027 ஜனவரிக்குப் பிறகு தொடங்கிற படிப்புகளுக்குப் புது முறை வருது எண்டு அரசு அறிவிச்சிருக்கு. மாற நினைக்கிற ஆக்கள், உங்கட புதுப் படிப்புக்கு எந்த முறை பொருந்தும் எண்டு எழுத்தில கேட்டு வாங்கினப் பிறகுதான் கையெழுத்து வைக்கவேணும்.

அடுத்தது திகதி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில, முதல் தவணையில விலகினா அந்த வருசக் கட்டணத்தில 25 வீதம் கடனாகும். இரண்டாம் தவணையில 50 வீதம். மூண்டாம் தவணை தொடங்கினா முழுக்க. அதனால "ஈஸ்டருக்குப் பிறகு யோசிப்பம்" எண்டிறது இலவசமான யோசனை இல்லை.

கடனைத் திருப்பிக் கட்டிறதைப் பற்றியும் ஒரு பயம் இருக்கு. 2023 ஓகஸ்டுக்குப் பிறகு படிக்கத் தொடங்கின ஆக்கள், வருசத்துக்கு 25,000 பவுணுக்கு மேல உழைக்கிற பகுதியில 9 வீதம், 40 வருசத்துக்குக் கட்டவேணும். 30,000 உழைச்சா வருசத்துக்கு 450 பவுண். கடன் 40,000 எண்டாலும் 60,000 எண்டாலும் அந்த வருசம் கட்டிறது அதே 450தான். ஒரு வருசம் கூடப் படிச்சா மாதக் கட்டணம் ஏறாது, கட்டிற காலம்தான் நீளும். நான் போன வழியும் இலவசமில்லை. "டிகிரியை முடிச்சிட்டு மாஸ்டர்ஸில மாறு" எண்டு சொல்லுறது சுகம். மாஸ்டர்ஸ் கடனுக்கு 21,000க்கு மேல 6 வீதம், அதுவும் மற்றதோட சேர்த்து, ஒரே நேரத்தில கட்டவேணும்.

இன்னொரு விசயம். மாணவர் விசாவில வந்த தோழர்களுக்கு பாடம் மாற்றிறது விசாவோட சம்பந்தப்பட்ட விசயம். பல்கலைக்கழகத்தின்ர சர்வதேச மாணவர் அலுவலகத்தில கேட்காமல் ஒரு படிவமும் நிரப்பாதேங்கோ. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கிற ஆக்களுக்கு இந்தக் கடனே இல்லை. இருக்கிறதா மாறுறதா எண்டு கேட்கிற வாய்ப்பே கிடைக்காத ஆக்களும் இந்த அறைக்குள்ள இருக்கினம், அதை மறக்கவேண்டாம்.

முழுக்க விடுறது, முழுக்க இருக்கிறது எண்டு இரண்டு வழி மட்டும் இல்லை. வேற துறையில விருப்பப் பாடம் எடுக்கலாம். இரட்டைப் பாட டிகிரிக்கு மாறலாம். ஒரு வருசம் இடைநிறுத்தலாம். கணிதம் மாதிரிக் கிட்டின பாடம் எண்டா சிலவேளை இரண்டாம் வருசத்திலயே சேர்க்கினம்.

1998 வரைக்கும் இந்த நாட்டில பல்கலைக்கழகக் கட்டணம் இருக்கேல்லை. அந்த வருசம் 1,000 பவுண் வந்தது. 2006இல 3,000. 2012இல 9,000. முந்தி பத்தொன்பது வயசில பாடம் மாறினா ஒரு வருசம் பிந்தும், அவ்வளவுதான். இப்ப அது ஒரு கடன் கணக்கு. உங்கட நெஞ்சு படபடக்கிறதுக்குக் காரணம் உங்கட பலவீனம் இல்லை. அந்த ஆபத்தை அரசு தன்ர தலையில இருந்து இறக்கி உங்கட தலையில வச்சிருக்கு.

மூண்டாவது கேள்வி: வீடு.

"அம்மா அப்பா விடமாட்டினம்" எண்டிறதோட நிறுத்துறம். ஏன் விடமாட்டினம் எண்டு கேட்கிறதில்லை. 1970களின்ர தொடக்கத்தில இலங்கையில தரப்படுத்தல் வந்தது. தமிழ்மொழியில சோதினை எழுதின பிள்ளையள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போறதுக்குக் கூடப் புள்ளி எடுக்கவேண்டி வந்தது. என்ர பெரியப்பா அந்தக் காலத்தில சோதினை எடுத்தவர். எங்கட வீட்டில எஞ்சினியர் எண்டிறது வெறும் அந்தஸ்து இல்லை, பறிச்சு எடுத்த ஒண்டு. பிறகு சண்டை வந்தது, ஊர் போச்சு, காணி போச்சு. பெட்டியில வச்சுக் கொண்டு வரக்கூடிய ஒரே சொத்துப் படிப்பு எண்டு நம்பின ஆக்களிட்ட, "எனக்கு இது பிடிக்கேல்லை" எண்டு மட்டும் சொன்னா அவைக்கு விளங்காது. "ஐ.ரி. எண்டா எங்க போனாலும் வேலை இருக்கும்" எண்டு அப்பா சொல்லுறதில எங்க போனாலும் எண்ட சொல்லைக் கவனியுங்கோ. திரும்பவும் ஓடவேண்டி வரும் எண்டு மனசில ஒரு மூலையில நினைக்கிற ஆளின்ர கதை அது.

மச்சாள் மாமாவிட்டப் போகேக்க ஒரு தாளோட போனா. எவ்வளவு கட்டணம், எத்தினை வருசம், படிச்சு முடிச்சா என்ன வேலை, தேசிய சுகாதார சேவையில எந்தச் சம்பளப் படியில தொடங்கும். எல்லாம் தமிழில எழுதி. மாமா மூண்டு நாள் கதைக்கேல்லை. நாலாம் நாள், "ஊரில பக்கவாதம் வந்து பேச்சுப் போன ஆக்களுக்கு இப்படி ஒருத்தரும் இருக்கேல்லைப் பிள்ளை" எண்டார். எல்லா வீட்டிலயும் இப்படி முடியும் எண்டு சொல்லேல்லை. ஆனால் தாளோட போங்கோ.

நாலாவது கேள்வி: அரசியல்.

எங்கட வட்டத்துக்குள்ள ஒரு கதை ஓடுது. ஐ.ரி. எண்டா பெரிய கொம்பனி, கண்காணிப்பு, ஆயுதம், அதனால உண்மையான இடதுசாரி அரசியலோ சமூகவியலோதான் படிக்கவேணும் எண்டு. சமூகவியல் படிக்கிற ஆள் எண்ட முறையில சொல்லுறன், இந்தக் கதையை நம்பிப் பாடத்தை மாற்றாதேங்கோ. நாங்கள் மாறிப்போனா அந்த சிஸ்டம் நிக்காது. அதை எழுதிற ஆள் மட்டும்தான் மாறும்.

2020 ஓகஸ்டில ஏ-லெவல் முடிவு வந்ததை நினைச்சுப் பாருங்கோ. கொவிட்டால சோதினை நடக்கேல்லை. ஆசிரியர் குடுத்த தரத்தை ஒரு அல்கோரிதம் திருத்திச்சு. பள்ளிக்கூடத்தின்ர பழைய முடிவுகளை வச்சுக் கணக்குப் போட்டது. இங்கிலாந்தில ஏறத்தாழ 40 வீதமான தரங்கள் குறைஞ்சுது. சின்ன வகுப்புகளில ஆசிரியர் சொன்ன தரத்தை அப்படியே விட்டதால தனியார் பள்ளிகள் தப்பிச்சுது. அந்தத் திருத்தத்துக்கு அவை வச்ச பெயரைத் தமிழில சொன்னா தரப்படுத்தல். செய்தி பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா அந்தச் சொல்லைக் கேட்டதும் ரீவியின்ர சத்தத்தைக் கூட்டினார். இரண்டும் ஒண்டு எண்டு சொல்லேல்லை. ஒண்டு மொழியையும் இனத்தையும் பார்த்தது, மற்றது பள்ளிக்கூடத்தைப் பார்த்தது. ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் பிள்ளை எந்தக் கூட்டத்தில இருக்கு எண்டு பார்த்ததில இரண்டும் உறவுதான். நாலு நாளில மாணவர்கள் தெருவில இறங்கி அதைத் திருப்பி எடுக்க வச்சினம்.

தபாற்கந்தோர் விவகாரத்தைப் பாருங்கோ. ஹொரைசன் எண்ட மென்பொருள் காட்டின கணக்கை நம்பி, 1999க்கும் 2015க்கும் இடையில 900க்கு மேற்பட்ட துணைத் தபால் அதிபர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டினம். அவையில தெற்காசியர் நிறையப் பேர். கொம்பியூட்டர் சரியாத்தான் வேலை செய்யுது எண்டு எடுத்துக்கொள்ளுறது இந்த நாட்டுச் சட்டத்தில இருந்த நிலைப்பாடு. கிளைகளின்ர கணக்குக்குள்ள வெளியில இருந்து கைவைக்கலாம் எண்டு சாட்சி சொன்னவர் ரிச்சர்ட் ரோல், ஃபுஜிட்சுவில வேலை செய்த எஞ்சினியர். நீதி கேட்டுப் போராடினது தபால் அதிபர்கள்தான். ஆனால் உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டு தெரிஞ்ச ஒருத்தர் அவைக்குத் தேவைப்பட்டார்.

மாறின ஆளுக்கும் எங்களிட்ட ஒரு உதாரணம் இருக்கு. அ. சிவானந்தன் இலங்கையில வங்கியில வேலை செய்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து, முப்பது வயசு தாண்டின பிறகு நூலகர் வேலைக்குப் படிச்சார். அந்த நூலகத்தில இருந்துதான் இன உறவுகள் நிறுவனத்தை 1972இல ஊழியர்களோட சேர்ந்து வேற பாதைக்குத் திருப்பினார். 1979லயே சிலிக்கன் தொழில்நுட்பம் உலகத் தொழிலாளரை எப்படிப் பிரிக்கப்போகுது எண்டு எழுதினார். அவர் கொம்பியூட்டர் படிக்கேல்லை. ஆனால் அதை விளங்காமல் விடவும் இல்லை.

ஆகவே இருக்கிற ஆக்கள் ஒரு தொழிற்சங்கத்தில சேருங்கோ. இங்க தொழில்நுட்பத் தொழிலாளருக்கெண்டு தொடர்பாடல் தொழிலாளர் சங்கத்தின்ர கிளை ஒண்டு 2020இல இருந்து இருக்கு. மாறுற ஆக்கள் படிச்ச அந்த ஒரு வருசத்தை வீண் எண்டு நினையாதேங்கோ. ஒரு படிவத்துக்குள்ள யார் அடங்கேல்லை எண்டு பார்க்கிற கண் எந்தத் துறைக்கும் வேணும்.

கடைசியா, நாங்கள் ஒரு அமைப்பா என்ன செய்யலாம்? இரண்டு யோசனை. ஒண்டு, ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் முன்னால ஒரு மணித்தியாலம் ஒரு மேசை போடுவம். கடன் கணக்கு, விலகிற திகதி, இடைநிறுத்தப் படிவம் எல்லாத்தையும் பக்கத்தில இருந்து பார்ப்பம். இரண்டு, அந்தத் தாளைத் தமிழில சேர்ந்து எழுதுவம், வீட்டில மேசையில வைக்கக்கூடிய மாதிரி. வீட்டில தனியாக் கதைக்கப் பயமா இருந்தா எங்களில ஒருத்தர் கூட வருவம். வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பம், அதுவே உதவி.

இரண்டாம் தவணை ஜனவரியில தொடங்குது. யோசிச்சுக்கொண்டிருக்கிற ஆக்கள் டிசம்பருக்குள்ள வாங்கோ. கதிரை அடுக்கிற வரைக்கும் காத்திராதேங்கோ.