பை ஐந்து, பக்கம் இருபது

(கோடை விடுமுறையில் நம் சங்கத்தின் கூட்ட அறையில் பேசியது)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கணக்காக முடித்துவிடுகிறேன்.

நம் எல்லார் வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். அதற்குள் முப்பது பை இருக்கும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, அதில் காகிதப் பைகளும் சேர்ந்துகொண்டன. அவற்றில் ஐந்தை எடுத்து ஒரு ஆல்பம் செய்யலாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

நான் இதில் இறங்கிய காரணம் வேறு. அம்மா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன. அவற்றில் பதினோரு பேர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா கடைசி வரை எங்களோடுதான் இருந்தார். கேட்டிருந்தால் ஒரே மதியத்தில் எல்லாரையும் சொல்லி முடித்திருப்பார். விவரம் எழுதாத வவுச்சரை வங்கியில் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டுப் படங்களுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரே அளவில், அடிப்பாகம் மடிந்த ஐந்து பைகள் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை நீக்கிவிட்டுத் தட்டையாக்கி, ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக மடியுங்கள். ஒரு பையின் வாய் வலப்பக்கம் என்றால் அடுத்ததன் வாய் இடப்பக்கம் வரட்டும். அப்போதுதான் தடிமன் சமமாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் இருபது பக்கம் தயார்.

நடு மடிப்பில் குத்தூசியால் மூன்று துளை. ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வாங்கி, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே விட்டு, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாங்கி முடிச்சுப் போடுங்கள். தினம் வவுச்சர் கட்டுகளைத் தைத்த கை இது, நம்பலாம். சின்னப் பிள்ளைகள் குத்தூசியைத் தொட வேண்டாம், அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

பையின் வாய் இருக்கும் ஓரமெல்லாம் இப்போது உறை ஆகிவிட்டது. கடிதம், ரயில் டிக்கெட், மதிப்பெண் அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதற்குள் போகும். கடை ரசீதையும் ஏடிஎம் சீட்டையும் மட்டும் நகலெடுத்து வையுங்கள். அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும்.

அலங்காரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டு ஒற்றினால் பூ. ஓரத்துக்குப் பழைய பட்டுப் புடவையின் ஜரிகை, தையற்காரரிடம் மிஞ்சிய துண்டுத் துணி. ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். பூச்சி வராமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். பசையை அவ்வப்போது கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழுப்புக் காகிதத்தில் அமிலத்தன்மை உண்டு. அது மெல்ல மெல்லப் படத்தைக் கெடுக்கும். அதனால் அசல் படத்தை ஒட்டாதீர்கள். நகலெடுத்து ஒட்டிவிட்டு, அசலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகிக் கறை விட்டுப்போகும். அசலின் பின்புறம் எழுதுவதானால் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

கடைசியாக, படத்துக்குக் கீழே யார், எந்த ஊர், எந்த வருடம் என்ற மூன்றையும் எழுதாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். பிள்ளைகளே, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

என் பேத்தி செய்த ஆல்பத்தில் அந்தப் பதினோரு பேருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, “தெரிந்தவர்கள் சொல்லவும்” என்று எழுதி வைத்தாள். போன தீபாவளிக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து இரண்டு பேரைச் சொன்னார். ஒருவர் என் தாத்தாவின் தம்பியாம். அப்படி ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்பது பேர் பாக்கி. உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு நிலுவையில் நிற்க வேண்டாம்.