உருவழிந்த கல்லும் கருமணியும்



விண்ணிலிருந்து வீழ்ந்த ஒரு கல், தன் உடலில் ஏறக்குறைய அனைத்தையும் இழந்த பின்னரும் தன் குலத்தைச் சொல்லிய செய்தி இது. சிதைந்த ஏடுகளோடு உறவாடும் நமக்கு இஃது அயலானதன்று.

சுவீடன் நாட்டுப் புருன்ஃபுளோ என்னும் ஊரின் சுண்ணாம்புப் பாறையில் 1952இல் கருந்திட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறே அப்பாறை. திட்டினை முதலில் மண்ணுலகக் கல்லின் துண்டென்றே கருதினர். அது விண்கல் என்று பெர் தோர்ஸ்லண்ட், ஃபிரான்ஸ் விக்மன் ஆகிய இருவரும் அறிவித்தது 1981இல்தான்.

ஏன் இத்துணைக் காலம்? கல்வகை விண்கல்லில் நீர் புகுந்தால் முதலில் உலோகம் துருவாகும். பின்னர் ஆலிவின் முதலிய கனிமங்கள் சிதையும். புருன்ஃபுளோக் கல்லிலோ இவையெல்லாம் போய், கால்சைட்டும் களிமண்ணும் குடியேறிவிட்டன. காண்டிரூல் எனப்படும் உருண்டை மணிகளின் வடிவம் மட்டும் நிழலாய் நின்றது. மாறாமல் நின்றது குரோமைட் என்னும் கரிய கனிமம் ஒன்றே. அதன் வேதிக்கலவை கொண்டே, இரும்பு மிக்க 'எச்' வகையைச் சார்ந்தது இக்கல் எனத் துணிந்தனர்.

கண்டுபிடிப்பினும் என்னை ஈர்ப்பது அவர்தம் அடக்கம். வெப்பத்தால் கல் அடைந்த மாற்றத்தைக் குறிக்கும் எண்ணை நான்கென்றோ ஐந்தென்றோ அறுதியிடாமல் '4-5' என்றே வைத்தனர். நம் பதிப்பாசிரியர் சிலர்க்கு இவ்வடக்கம் வாய்த்திருப்பின், செல்லரித்த அடிகளில் தம் சொல்லைப் பெய்து நிரப்பியிரார்!

அந்நாட்டுக் கின்னகுல்லே மலையில் தோர்ஸ்பெர்க் என்னும் கற்குழி உண்டு. தளக்கல் அறுக்கும் இடம். கரும்புள்ளி விழுந்த பலகைகளைக் குற்றமுடையவை என்று ஒதுக்கினர். 1987இல் அத்தகைய புள்ளியொன்று விண்கல்லென அறியப்பட்டது. பின்னர்த் தொழிலாளர் துணையுடன் ஆய்வாளர் பிர்கர் ஷ்மிட்ஸ் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டினர். ஏறத்தாழ அனைத்தும், 47 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்த ஒரே குறுங்கோளின் சிதறல்கள், 'எல்' வகையின.

ஒன்று மட்டும் அக்குலத்தில் அடங்கவில்லை. அதன் குரோமைட்டும் ஆக்சிஜன் அணுக்களின் விகிதமும் அறியப்பட்ட எவ்வகையோடும் ஒத்துவரவில்லை என 2016இல் அறிவித்தனர். இன்று விழும் கற்களில் அதன் உறவினர் எவருமில்லை. ஊர்ப்பெயரும் எண்ணுமே அதற்குப் பெயர்: ஓஸ்தெர்ப்லானா 065.