சீனர் நாவில் ஆங்கிலம்



பிறமொழி கற்பது சொற்களைச் சேர்ப்பது மட்டுமன்று. கேட்பவர் எந்த இடத்தில் எதை எதிர்பார்த்திருக்கிறார் என்பதை அறிவதும் ஆகும். அலுவலகத்திலும் வணிகத்திலும் இயல்பான ஆங்கிலம் பேசவும் எழுதவும் விழையும் சீனர்க்குப் பயிற்சி அளிப்போர் நாள்தோறும் காணும் உண்மை இது. கவிஞர் கூடிய அவையில் இப்பொருள் எதற்கு என்ற ஐயம் எழலாம். தன் குரலை இழக்காமல் ஒரு மனிதன் வேறொரு மொழிக்குள் எவ்வாறு நுழைவது என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது. அது கவிதைக்கும் உரிய வினாவே.

சீனத்தில் ஆங்கிலக் கல்வி புதியதன்று. 1862-இல் பெய்ஜிங்கில் டோங்வென் குவான் என்னும் மொழிப்பள்ளியை அரசே நிறுவியது. 1977-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் உயிர்பெற்றது. 1987-இல் கல்லூரி மாணவர்க்கென நாடு தழுவிய ஆங்கிலத் தேர்வு தொடங்கிற்று. இவற்றால் இலக்கண அறிவும் சொல்வளமும் பெருகின. ஆயினும் நூல்களைப் படிக்க வல்லவர் வாய்திறக்கத் தயங்கினர். அந்நிலைக்குச் சீனரே இட்ட பெயர் 'ஊமை ஆங்கிலம்'. 2001-இல் உலக வணிக அமைப்பில் சீனா சேர்ந்த பின்னர், அது வகுப்பறைக் குறையாக மட்டும் நிற்கவில்லை; பலருடைய பிழைப்பையே தொடும் குறையாயிற்று.

பிழை எனப்படுவது பெரும்பாலும் பிழையன்று; தாய்மொழியின் நியாயம் வேற்றிடத்தில் வந்து நிற்பதே. சீனப் பேச்சில் 'தா' என்னும் ஓரொலியே அவன், அவள், அது ஆகிய மூன்றையும் குறிக்கும். எழுத்தில் பெண்பாலுக்கெனத் தனி வடிவம் வேண்டும் என்று வாதிட்டவருள் முதன்மையானவர் கவிஞர் லியூ பன்னொங். 1920-இல் லண்டனில் இருந்தபோது அவர் இயற்றிய காதற்கவிதை அவ்வடிவத்துக்குப் புகழ் சேர்த்தது. எழுத்து பிரிந்தது, ஒலி பிரியவில்லை. ஆதலால் தேர்ந்த பொறியாளர் ஒருவரும் தம் மேலாளரான பெண்மணியை 'ஹீ' என்று குறிப்பிட்டுவிடுகிறார். விதியை அவர் அறிவார், நாவே அறியாது. மீண்டும் விதியைச் சொல்வதால் பயனில்லை. ஒரு பெண்ணைப் பற்றிய சிறு நிகழ்ச்சியை நாள்தோறும் உரக்கச் சொல்லச் செய்வதே மருந்து.

ஒலியிலும் இவ்வாறே. சீனத்தில் பெரும்பாலான அசைகளுக்குத் தனித் தொனி உண்டு. அசைகள் ஏறக்குறைய நிகரான எடை பெறும். ஆங்கிலமோ சில அசைகளை அழுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடும். எல்லா அசைகளையும் தெளிவாக ஒலிப்பவரின் பேச்சு, அத்தெளிவினாலேயே ஆங்கிலச் செவிக்குப் புரியாமல் போகிறது! எந்தச் சொல்லில் பொருள் தங்கியுள்ளதோ அதன் கீழ்க் கோடிட்டுப் படிக்கச் செய்வது நல்ல பயிற்சி.

எழுத்தில் இடர் வேறு. இணையான சொற்களை அடுக்கி ஓசைச் சமன் காண்பது சீன உரைநடையின் அழகு. 'முன்னேற்றத்தின் வேகத்தை விரைவுபடுத்துதல்' என்பது போன்ற தொடர் அங்கே நிறைவு; ஆங்கிலத்தில் மிகை. பெய்ஜிங்கில் மொழிபெயர்ப்புகளைச் செப்பனிட்ட ஜோன் பிங்க்காம் 2000-இல் வெளியிட்ட நூல், இத்தகைய மிகைச் சொற்களைக் களைவதிலிருந்தே தொடங்குகிறது.

இவற்றினும் ஆழமானது கருத்தின் வரிசை. சீன மரபில் பின்னணியும் காரணமும் முன்னே வரும். கோரிக்கை இறுதியில் வரும். 'யின்வெய்' என்று காரணத்தைத் தொடங்கி, 'சுவோயி' என்று விளைவில் முடிப்பர். அதனாலேயே ஆங்கிலத்திலும் 'பிகாஸ்', 'ஸோ' இரண்டும் ஒரே வாக்கியத்தில் புகுகின்றன. சீன வணிகர் ஆங்கிலத்தில் பேசுகையில் இவ்வரிசையைப் பின்பற்றுவதையும், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதனைத் தவறாக மதிப்பிடுவதையும் லிண்டா யங் 1982-இல் ஆராய்ந்து காட்டினார். மூலப்பொருள் வரவில்லை, பணியாளர் குறைவு, மழை என்று ஒருவர் அடுக்கி, இறுதியில் இரண்டு வாரத் தவணை கேட்கிறார். கேட்டவர் அவரைச் சுற்றி வளைப்பவர் என்று முடிவு கட்டிவிடுகிறார். பேசியவரோ, எடுத்த எடுப்பில் கேட்பது பண்பன்று என்று கருதியே காத்திருந்தார். நாணயமுள்ள ஒருவரின் பணிவு இங்கே கள்ளமாகத் தோன்றிவிடுகிறது. இழப்பது மதிப்பெண் அன்று, மானம்.

நல்ல பயிற்சியாளர் 'உம் முறை தவறு' என்று சொல்லார். மடலை அவர் போக்கில் எழுதவிட்டு, கடைசி வாக்கியத்தை எடுத்து முதலில் வைக்கச் சொல்வார். பல மடல்கள் அந்த ஒரு மாற்றத்திலேயே சீர்ப்படும். காரணங்கள் அழிவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

உபசாரச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'சாப்பிட்டாயிற்றா' என்று சீனரும் நலம் விசாரிப்பர். தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உழைத்தவரைப் பார்த்து 'ஷின்கூ லெ' என்பர். அவர் பட்ட சிரமத்தை உணர்ந்ததாகச் சொல்லும் நன்றி அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலத்தில் பொருள் திரியும். 'ச்சிங்' என்று தொடங்கும் வேண்டுகோள் சீனத்தில் பணிவு. அதையே 'ப்ளீஸ் ஸெண்ட்' என்று எழுதினால் கட்டளையாக ஒலிக்கக்கூடும். 'குட் யூ' என்று தொடங்கினால் பணிவு பிழைக்கும்.

கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் பயின்ற யென் ஃபூ, ஹக்ஸ்லியின் நூலைச் சீனத்தில் தந்து 1898-இல் வெளியிட்டபோது, மொழிபெயர்ப்புக்கு மூன்று அரிய தேவைகளைக் கூறினார்: ஷின், தா, யா. மெய்ம்மை, சென்றடைதல், நயம் எனலாம். ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு வரும் வழிக்கு அவர் வகுத்த அளவுகோல், எதிர்வழியில் செல்வோர்க்கும் பொருந்தும். இன்றைய பயிற்சி பெரும்பாலும் நயத்திலேயே நாட்டம் கொள்கிறது, வேண்டுவது சென்றடைதல். ஆனால் சென்றடையும் அவசரத்தில் மெய்ம்மை பலியாகலாகாது. ஒருவருடைய மடலைத் திருத்தித் திருத்தி, எவரும் எழுதியிருக்கக்கூடிய மடலாக்கிவிட்டால், ஆங்கிலம் பிழைத்திருக்கும், எழுதியவர் இருக்கமாட்டார்.

லின் யூடாங் 1935-இல் தம் நாட்டையும் மக்களையும் பற்றி ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். அந்த ஆங்கிலம் இயல்பானது. அதன் பார்வை முற்றிலும் சீனருடையது. இயல்பு என்பது வெள்ளையரைப் போல நடிப்பதன்று என்பதற்கு அந்நூல் ஒன்றே போதிய சான்று. திருத்தம் முடிந்த பின் பயிற்சியாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பக்கத்தில் அந்த மனிதர் இன்னும் இருக்கிறாரா? கவிதையைத் திருத்துவோர்க்கும், பெயர்ப்போர்க்கும் அதே கேள்வி உரியது.