உறுதிமொழியில் ஒரு வரி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அமைச்சர்கள் பதவியேற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அமைச்சர் கடகடவென்று படித்து முடிப்பார். கடவுள் பெயரால் என்றாரா, உளமார என்றாரா என்பதைத்தான் நாம் கவனிக்கிறோம். மறுநாள் டீக்கடையிலும் அதே பேச்சு. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான். கவனிக்க வேண்டிய வரி வேறு.

அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள், சில பக்கங்கள்தான். சட்டமன்ற உறுப்பினர் சொல்வது மூன்று விஷயம்: அரசமைப்பின்மேல் பற்று, நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், தன் கடமை. (நடுவில் உள்ளது 1963இல் பதினாறாவது திருத்தத்தால் சேர்ந்தது. திராவிட நாடு கோரிக்கை கைவிடப்பட்டதும் அதே ஆண்டில்தான். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.) அதே மனிதர் அமைச்சரானால் இன்னொன்றும் சொல்கிறார்: அச்சமும் ஒருதலைச் சார்பும் இன்றி, விருப்பு வெறுப்பை விலக்கி, பலதரப்பட்ட மக்கள் அனைவருக்கும் நேர்மையானதைச் செய்வேன் என்று. அதற்குப் பிறகு இரகசியக் காப்பு உறுதிமொழி தனி.

உறுப்பினர் தன் தொகுதிக்காக வாதாடலாம், அது அவர் வேலை. அமைச்சருக்கோ மாநிலம் முழுவதும் தொகுதிதான். "நமக்கு ஓட்டுப் போடாத ஊருக்கு எதுக்கய்யா ரோடு?" என்று ஓர் அமைச்சர் மேடையில் கேட்டால் நாம் கைதட்டுகிறோம். அது வெறும் கட்சிப் பேச்சு இல்லீங்க, கொடுத்த வாக்கை மீறுவது.

மீறினால் என்ன ஆகும்? உறுதிமொழி எடுக்காமலே அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம், 193ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்துவிட்டு மீறினால் ஒரு காசும் கிடையாது! 1985இல் கேரளத்தில் ஓர் அமைச்சரின் மேடைப் பேச்சு பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. உறுதிமொழி மீறல் தானாகவே தகுதியிழப்பு ஆகாது என்றே தீர்ப்பு வந்தது. ஆகவே அவரை நீக்கச் சொல்ல வேண்டியவர் முதலமைச்சர், கேள்வி கேட்க வேண்டியது சட்டமன்றம், அதற்கும் அப்பால் ஓட்டுச்சாவடி.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அரசு அலுவலகங்களில் உட்காரப் போகிறீர்கள். "இந்த மனுவை ஓரமா வை, அவன் நம்ம ஆள் இல்லே" என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார்கள். பணிவாகவே, "ஐயா, கோப்பில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.