தொழுவத்துக்கு அப்பால்

இன்று கால்நடை மருத்துவப் பட்டம் பெறும் இளைஞர்களே,

பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் தேசத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்திலிருந்து சற்று விலகி, மங்கல காரியம் நடக்கும் இடத்தில் பெயரைக்கூட உச்சரிக்கத் தயங்கும் ஒரு பறவையைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். ஊரார் பிணந்தின்னிக் கழுகு என்று முகஞ்சுளித்துச் சொல்லும் பாறுதான் அது. மனித சமூகமும் மற்ற ஜீவராசிகளும் பரஸ்பரம் எப்படி வாழ்விக்கின்றன, எப்படி மாய்க்கின்றன என்பதை இந்தப் பறவையின் சரித்திரத்தைப்போலத் தெளிவாக எடுத்துக்காட்டும் வேறொன்றை நான் அறியேன். தவிர, அந்தச் சரித்திரத்தில் உங்கள் தொழிலுக்கு முக்கியமான பங்கு இருக்கிறது.

மனிதன் நுழையாத இடத்தில்தான் உயிரினங்கள் தழைக்கும் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையே பரவியிருக்கிறது. அது பாதி உண்மைதான். 1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவற்றைப் பெருக்கியது வனாந்தரம் அன்று, நம்முடைய சமூக வழக்கமே. பாலுக்காகவும் உழவுக்காகவும் மாடுகளைத் திரளாக வளர்த்து, பக்தி காரணமாகவோ பழக்கம் காரணமாகவோ அவற்றைப் பெரும்பாலும் கொல்லாமல், முதுமையில் தாமாக மடியும்வரை காத்திருந்து, மடிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் ஒரு தேசத்தில், வடக்கே எத்தனையோ ஊர்களில், தோலை ஒருவர் உரித்துச் செல்ல, சதையைப் பாறுகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட, வெயிலில் உலர்ந்த எலும்புகளை இன்னொருவர் பொறுக்கிச் சென்று உரத்துக்கு விற்றார். தோல் உரித்த அந்த மனிதருக்கும் சதையைத் தீர்த்த அந்தப் பறவைக்கும் சமூகம் அளித்த மரியாதை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்பதையும், இருவர் செய்த ஊழியத்துக்கும் ஒருநாளும் கணக்கு எழுதப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் போவது நியாயம் ஆகாது.

மரியாதை செய்த இடங்களும் இருந்தன. மும்பையின் மலபார் குன்றில் பார்ஸி மக்கள் தங்கள் மூதாதையரின் உடலையே இந்தப் பறவைகளிடம் ஒப்புவித்தார்கள். நம் செங்கற்பட்டுச் சீமையில் திருக்கழுக்குன்றத்து மலைமேல், நண்பகலில் அர்ச்சகர் அமுது படைக்க, காசியிலிருந்து வருவதாக ஐதிகம் கூறும் இரண்டு பறவைகள் வந்து உண்டு செல்வதைக் காணத் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் படியேறினார்கள். அவை பாறு இனத்தில் சிறியதான மஞ்சள்முகப் பாறுகள். 1990களோடு அவற்றின் வரவு நின்றுபோயிற்று.

அந்தப் பத்தாண்டில்தான் தேசமெங்கும் பாறுகள் மறைந்தன. பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்தில் 1980களில் முந்நூறுக்கு மேற்பட்ட வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணியிருந்த விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அநேகமாக எல்லாக் கூடுகளும் மறைந்துவிட்டதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். கொள்ளைநோய் என்றார்கள்; பூச்சிமருந்து என்றார்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் செத்துக் கிடந்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்ஸே ஓக்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல யூரிக் அமிலம் படிந்திருப்பதையும், சிறுநீரகங்கள் சிதைந்திருப்பதையும் கண்டார்கள். வைரஸும் இல்லை, கன உலோகமும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தேடி ஓய்ந்தபின் அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும்: இந்தப் பறவை உண்டது மாட்டை, சாவதற்கு முன் அந்த மாட்டுக்கு என்ன கொடுத்தார்கள்? மருந்துக் கடைகளிலும் சிகிச்சை செய்பவர்களிடமும் விசாரித்தபோது கிடைத்தது டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியின் பெயர். 2004இல் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவு வெளியாயிற்று. ஓக்ஸும் உங்களைப் போல ஒரு கால்நடை மருத்துவரே என்பதைச் சற்றே பெருமையுடன் சொல்கிறேன்.

யாருடைய துவேஷத்தாலும் இந்த அழிவு நேரவில்லை. கிழப்பசு எழ முடியாமல் கிடக்கிறது. கொல்ல மனம் வரவில்லை. வலியையாவது தணிப்போம் என்று, மனிதருக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு மலிவாகிவிட்ட ஓர் ஊசியைப் போடுகிறார்கள். பசு இரண்டொரு நாளில் இறக்கிறது. பசுவைக் கொல்லாத எந்தக் கருணை பாறுகளைக் கோடியாகப் பெருக்கியதோ, அதே கருணை ஊசிமுனை வழியே அவற்றைக் கொன்றது. நூற்றில் ஒரு பிணத்துக்கும் குறைவானவற்றில் இம்மருந்து தங்கியிருந்தாலே இத்தனை பெரிய வீழ்ச்சிக்குப் போதும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஒரே பிணத்தில் பல பறவைகள் கூடி உண்பதும், ஆண்டுக்கு ஒரே முட்டை இட்டு, குஞ்சு பருவமடைய ஐந்தாண்டு காத்திருக்கும் அவற்றின் இயல்பும் அழிவை விரைவுபடுத்தின. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் மறைந்துவிட்டன.

பிறகு நேர்ந்தது நமக்கு. அந்த மேடுகளில் பிணங்கள் அழுகின. ஆறு குளங்களில் அசுத்தம் கலந்தது. தெருநாய்களுக்கு உணவு பெருகியது, அவற்றுடன் வெறிநோயும் பெருகியது. பாறுகள் மிகுந்திருந்த ஜில்லாக்களையும் அவை என்றுமே குறைவாயிருந்த ஜில்லாக்களையும் ஒப்பிட்ட இரு பொருளாதார அறிஞர்கள், 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பதாக 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மதிப்பிட்டிருக்கிறார்கள். பறவைகள் இல்லாததால் பார்ஸி மக்கள் இறந்தோரின் உடலுக்காகச் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை நாட வேண்டியதாயிற்று. எலும்பு பொறுக்கியவருடைய பிழைப்பு என்னவாயிற்று என்று கவலைப்பட்டவர்கள் அதிகம் இல்லை.

2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஆனால் சட்டம் ஒரு வாசலை அடைத்தால் வியாபாரம் இன்னொன்றைத் திறந்துகொள்கிறது. மனிதருக்கென்று விற்ற பெரிய மருந்துக் குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. 2015இல் அந்தக் குப்பியின் அளவை மூன்று மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டியிருந்தது. கீட்டோப்ரோஃபென் இன்னொரு நஞ்சு என்று தெரிந்தது. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்றும் தெரிந்தது. அவ்விரண்டும் 2023இல்தான் தடைசெய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்து கிடைத்தும் தீங்கான மருந்துகள் இத்தனை காலம் புழங்கியதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

நம் மாநிலத்தில் நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றின் கரையில், நீர்மத்தி மரங்களின் உச்சியில், வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. உங்களில் சிலர் அந்த எல்லைக்குட்பட்ட மருந்தகங்களில் பணியேற்பீர்கள். இரவு வேளையில் ஒரு விவசாயி வந்து, “ஐயா, பக்கத்து ஊர்க்காரர் போட்ட ஊசியையே போடுங்க, மாடு உடனே எழுந்திருச்சாம்” என்று கேட்பார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் கேட்பது ஊசியின் பெயரை அன்று, மாட்டின் உயிரை. மெலாக்ஸிகாமோ டோல்ஃபெனாமிக் அமிலமோ உங்கள் பையில் இருந்தால் அவருடைய காரியமும் கெடாது. வேறு மருந்து ஏற்கெனவே போட்டிருந்து மாடு பிழைக்காது என்று தோன்றினால், பிணத்தை வெளியே எறியாமல் ஆழப் புதைக்கும்படி அப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. புலி அடித்துப்போட்ட பசுவின் மேல், ஆத்திரத்தில் சிலர் பூச்சிமருந்தைத் தெளித்து வைக்கிறார்கள். புலிக்கு வைத்த விஷத்தை முதலில் உண்பது பாறு. இழப்பீடு நாளாகாமல் வந்தால் அந்த ஆத்திரம் பெரும்பாலும் தணியும். இழப்பீட்டுக்கு வேண்டிய பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். அதை அன்றைக்கே இட்டுக் கொடுங்கள்.