சுருளும் இலையும் சிறு புரதமும்



கலைப் பட்டதாரியான நான் பயிர் விஞ்ஞானம் பற்றிப் பேச முற்பட்டதற்கு எங்கள் பாடசாலைத் தோட்டத்துத் தக்காளிச் செடிகளே காரணம். பூக்கும் பருவத்தில் நுனியிலைகள் மஞ்சளித்து மேல்நோக்கிச் சுருண்டன. மாணவர் மருந்தடித்தனர், பின்னரும் அடித்தனர். பூச்சிநஞ்சை மருந்து என்றழைப்பது நம்மவர் வழக்கம். நமது அசட்டைக்குப் பாதிக் காரணம் அச்சொல்லே என்று நான் நினைப்பதுண்டு. "ஐயா, இவ்வளவு அடித்தும் இலை நிமிரவில்லையே! இனிக் காய்ப்பதை உண்ணலாமா?" என்று ஒரு மாணவி வினவினாள். விடை கூற இயலாமல் நூல்களை நாடினேன்.

இவ்விலைச்சுருளை விளைவிப்பவை ஜெமினி வைரசுகள். அவற்றைச் செடிக்குச் செடி காவுவது வெள்ளை ஈ. நஞ்சு ஈயைக் கொல்லலாம். செடிக்குள் புகுந்துவிட்ட வைரசை அது தீண்டாது. வைரசுக்கோ சொந்தப் புரதங்கள் மிகச் சில. இரவல் கருவிகளைக் கொண்டு, அதாவது செடியின் கலத்திலுள்ள பொறிகளைக் கொண்டே, அது தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அவ்வேலையைத் தொடக்கிவைக்க 'ரெப்' என்னும் புரதம் மட்டும் அதற்குத் தன்னுடையதாக வேண்டும்.

அந்த ரெப்பைக் கவ்விப் பிடித்துவிட்டால் என்ன? இங்கேதான் 'பெப்டைட் அப்டமர்' வருகிறது. பொருந்தியது என்னும் இலத்தீன் சொல்லும் பகுதி என்னும் கிரேக்கச் சொல்லும் கூடிப் பிறந்தது அப்டமர். சுமார் இருபது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சரம் அது. அவிழ்ந்து கிடக்கும் சரத்துக்கு நிலையான வடிவமில்லை. ஆதலால் அதன் இரு முனைகளையும் தயோரெடொக்சின் என்னும் உறுதியான புரதமொன்றில், தோரணத்தை இரு கம்பங்களில் கட்டுவதுபோல், பிணைத்துவிடுகின்றனர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரொஜர் பிரென்ற் குழுவினர் இம்முறையை வெளியிட்டனர். அவர்கள் பிடித்தது மனிதக் கலப்பிரிவோடு தொடர்புடைய ஒரு புரதத்தை.

எந்தச் சரம் எதனைப் பற்றும் என்று முன்கூட்டி எவரும் அறியார். எனவே இலட்சக்கணக்கான சரங்களை மதுவக் கலங்களில் இட்டு, இலக்கைப் பற்றும் சரமுள்ள கலம் மாத்திரமே வளருமாறு செய்கின்றனர். நெல்லைத் தூற்றிப் பதர் போக்கும் வேலைதான்; களம் மட்டும் வேறு.

2006இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இவ்வாறு ரெப்பைப் பற்றும் சரங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றுட் சில தாவரக் கலத்தில் வைரசின் பெருக்கத்தைத் தடுப்பதைக் கண்டனர். 2013இல் அத்தகைய சரங்களைத் தாமே ஆக்கும் தக்காளிச் செடிகளை வைரசுக்கு உட்படுத்தினர். நோய் தணிந்தது, வைரசின் அளவும் குறைந்தது. முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்செடிகள் ஆய்வுக்காக வளர்க்கப்பட்டவை; கமக்காரருக்கான விதையல்ல.

மாணவியின் வினா இங்கும் நம்மை விடுவதில்லை. நஞ்சு குறையுமென்றால் நன்றே. ஆனால் செடி புதிதாக ஆக்கும் அந்தப் புரதத்தை உண்ணலாமா? ஒவ்வாமை தரும் புரதங்களை அது ஒத்திருக்கிறதா, இரைப்பையில் சமிக்கிறதா, மனிதரின் வேறு புரதங்களையும் பற்றுமா என்றெல்லாம் ஒவ்வொரு சரத்துக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இதிற் சலுகை காட்டலாகாதென்பது என் துணிபு. உணவிலுள்ள நச்சுப் பொருளையும் கிருமியையும் கண்டறியவும் இத்தகைய பற்றும் சரங்களை ஆராய்கின்றனர். அங்கே சரம் கருவியில் இருக்கும், நம் வயிற்றுக்குள் வராது. எனக்கு அவ்வழி மனத்துக்கு இசைவானதாயிருக்கிறது.

நம் தீவின் பெயரையே தாங்கிய ஜெமினி வைரசும் உண்டு: இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு. 2015இல் அது கம்போடியாவில் காணப்பட்டது. பின்னர் வியட்நாமுக்கும் பரவியது. மரவள்ளியைத் தடி வெட்டி நடுகிறோம். நோயும் தடியோடு கூடவே போகிறது. ஆகவே தேமலில்லாத செடியிலிருந்து தடி எடுப்பதே இன்று நம் கைக்கெட்டிய காவல்.

தக்காளிக்கு, இவ்வாண்டு நாற்றுமேடையை நுண்வலையால் மூடியிருக்கிறோம். மாணவியிடம், தெளித்த நாளும் போத்தலில் எழுதிய காத்திருப்பு நாட்களும் கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னேன். நாட்கள் போதவில்லை. அந்தப் பழங்களை நாங்கள் உண்ணவில்லை.